முட்டை பப்ஸ், சுருள் கறிபாப், பற்றீஸ், பேஸ்ட்டி: எல்லாவற்றுக்கும் ஒரே மாவு போதுமா?

கேள்வி
கொங்கு_அடுப்பு:

வணக்கம். மாலை நேரத்துக்கு வீட்டிலிருந்தே கார வகைகள் செய்து கொடுக்கும் வேலை. பட்டியலில் இப்போது நான்கு இருக்கின்றன: நம்ம ஊர் பேக்கரி முட்டை பப்ஸ், மலேசியாவின் சுருள் கறிபாப், இலங்கைப் பற்றீஸ், இங்கிலாந்தின் கார்னிஷ் பேஸ்ட்டி. வேலையைக் குறைக்க நான்குக்கும் ஒரே அடுக்கு மாவையும் ஒரே உருளைக்கிழங்கு மசாலாவையும் வைத்துக்கொள்ளலாமா?

கேட்கக் காரணம் உண்டு. பப்ஸ் மாவை எண்ணெயில் போட்டால் வெண்ணெய் கரைந்து வெளியே வருகிறது, மாவு எண்ணெயைக் குடித்துவிடுகிறது. கறிபாப்பின் சுருள் வேகும்போதே பிரிந்து நூல் நூலாகப் போகிறது. பேஸ்ட்டிக்குள் மசாலாவை வைத்து ஓவனில் சுட்டால் அடிப்பாகம் ஊறி, பக்கவாட்டில் வாய் திறந்துகொள்கிறது. பப்ஸ் மட்டும் ஓரளவு எழும்புகிறது, அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து.

கைவசம் இருப்பது 40 லிட்டர் ஓடிஜி (மேசைமேல் வைக்கும் சிறிய மின் ஓவன்), இரும்புக் கடாய், சாதாரண பிரிட்ஜ். மதியம் சமையலறையில் 33 டிகிரி இருக்கும். அளவுகளோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பேக்கரி_மேசை:

மசாலாவில் சுருக்கலாம், மாவில் சுருக்க முடியாது. நீங்கள் சொன்ன நான்கும் பார்க்க ஒரே குடும்பம்போல இருந்தாலும் மாவுக்குள் நடப்பது வேறு வேறு. எந்த ஊர்ப் பண்டமாக இருந்தாலும் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். வேகப்போவது ஓவனிலா எண்ணெயிலா? உள்ளே வைப்பது வெந்ததா பச்சையா? அதிலிருந்து வரும் நீரை எது குடிக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் மாவு தானாக முடிவாகிவிடும்.

பப்ஸ் மாவில் கொழுப்பு மாவோடு கலப்பதில்லை. மாவு ஒரு தாள், கொழுப்பு ஒரு தாள் என்று தனித்தனியாக நிற்கிறது. ஓவனின் சூட்டில் மாவுத் தாளில் உள்ள நீர் ஆவியாகி மேல் தாளைத் தூக்குகிறது. கொழுப்பு நடுவில் இருப்பதால் தாள்கள் ஒட்டுவதில்லை. இதையே எண்ணெயில் போட்டால் தாள் இறுகுவதற்குள் கொழுப்பு உருகி எண்ணெயோடு சேர்ந்துவிடும், அது விட்ட இடத்தில் எண்ணெய் ஏறும். உங்களுக்கு நடந்தது அதுதான். பப்ஸ் மாவை எண்ணெய்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அளவு: மைதா 500 கிராம், உப்பு 10 கிராம், வெண்ணெய் 50 கிராம், வினிகர் ஒரு டீஸ்பூன், ஐஸ் தண்ணீர் 260 முதல் 275 மி.லி. வினிகர் மாவை இழுபட வைக்கும், உருட்டும்போது சுருங்கிப் பின்வாங்காது. பிசைவது 4 நிமிடம் போதும். பரோட்டாவுக்குப் பிசைவதுபோல அடித்துப் பிசைந்தால் பிறகு உருட்டவே முடியாது. மூடி பிரிட்ஜில் அரை மணி நேரம்.

அடுக்குக் கொழுப்பு 350 கிராம். அதை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து 20 செ.மீ. சதுரமாக, ஒரு செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த கனத்தில் தட்டுங்கள். மாவை 29 செ.மீ. சதுரமாக உருட்டி, கொழுப்பைக் குறுக்காக வைத்து, நான்கு மூலையையும் கடித உறைபோல மடித்து மூடுங்கள். பிறகு 20 × 60 செ.மீ. பட்டையாக உருட்டி மூன்றாக மடிப்பது ஒரு மடிப்பு. இப்படி ஐந்து மடிப்பு. இரண்டு மடிப்புக்கு ஒருமுறை அரை மணி நேரம் பிரிட்ஜ். ஐந்து மடிப்பில் 243 கொழுப்பு அடுக்குகள் வரும். ஆறாவது மடிப்பு போட்டால் 729. முட்டையும் மசாலாவும் சுமக்கிற பப்ஸுக்கு அவ்வளவு மெல்லிய அடுக்கு தேவையில்லை, நொறுங்கித்தான் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது கொழுப்பின் பதம். மாவும் கொழுப்பும் ஒரே மென்மையில் இருக்க வேண்டும். கொழுப்பு கல்லாக இருந்தால் உருட்டும்போது துண்டு துண்டாக உடையும், அந்த இடங்களில் அடுக்கு இருக்காது. இளகிவிட்டால் மாவுக்குள் ஊறி, பப்ஸ் பிஸ்கட் ஆகிவிடும். வெண்ணெய் 32 டிகிரியிலிருந்து உருகத் தொடங்கும், உங்கள் சமையலறையே 33. பேக்கரிகளில் பப்ஸுக்கென்றே விற்கும் மார்ஜரினைப் பயன்படுத்துவது விலைக்காக மட்டும் இல்லை, அது 40 டிகிரி தாண்டித்தான் உருகும். அதனாலேயே சாப்பிட்ட பிறகு அண்ணத்தில் ஒரு பூச்சு நிற்கும். வெண்ணெய்தான் வேண்டும் என்றால் அதிகாலையில் செய்யுங்கள், அல்லது ஏசி அறையில் 20 டிகிரி வைத்துச் செய்யுங்கள். சுவைக்கு வெண்ணெய்க்கு ஈடில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சாய்ந்து எழும்புவதற்கு மூன்று காரணம் இருக்கலாம். மாவை ஒரே திசையில் அழுத்தி உருட்டுவது முதல் காரணம். ஒவ்வொரு மடிப்புக்கும் கால் சுற்று திருப்ப வேண்டும். வெட்டும்போது கத்தியை இழுத்து அறுப்பது அடுத்தது. இழுத்தால் ஓர அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும், நேராக மேலிருந்து அழுத்தி வெட்டுங்கள். கடைசி, பலரும் கவனிக்காதது: மேலே பூசும் முட்டை ஓரத்தில் வழிந்து பசைபோல ஒட்டிவிடுவது. மேல்முகத்தில் மட்டும் பூசுங்கள், ஓரத்துக்கு அரை செ.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள்.

மூன்றரை மி.மீ. கனத்தில் 10 × 12 செ.மீ. துண்டு. இந்த அளவு மாவில் இருபது, இருபத்திரண்டு பப்ஸ் வரும். வெங்காய மசாலா 30 கிராம், அரை முட்டை வெட்டுமுகம் கீழே பார்க்க. மடித்த பிறகு 20 நிமிடம் பிரிட்ஜ். 220 டிகிரியில் 12 நிமிடம், பிறகு 190க்குக் குறைத்து இன்னும் 12 முதல் 15 நிமிடம். முதல் கால் மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள். மசாலா முழுக்க ஆறியிருக்க வேண்டும். கரண்டியால் நடுவில் கோடு கிழித்தால் அந்தக் கோட்டில் நீர் கசியக் கூடாது.

---

பினாங்கு_பசியாறல்:

கறிபாப் பற்றி நான் சொல்கிறேன். இங்கே இரண்டு வகை. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் பள்ளிக்கூடக் கேண்டீனிலும் பெரும்பாலும் கிடைப்பது வழுவழுப்பான தோல் உள்ள சாதாரண கறிபாப். சுருள் வரி தெரிவது கறிபாப் பூசிங். இரண்டுமே எண்ணெயில் பொரிப்பவை. பப்ஸ் மாவு எதற்கும் ஆகாது.

சாதாரணமானதில் முதலில் கை பழகுங்கள். மாவு 500 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன். 120 கிராம் மாஜரினைப் புகையாமல் நன்றாகச் சுடவைத்து மாவின் மேல் ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள், கையை உள்ளே விட்டுவிடாதீர்கள். சூடான கொழுப்பு மாவுத் துகள்களைப் பூசிக்கொள்வதால் பிறகு நீர் ஊற்றும்போது இழுவை குறைவாகவே வரும், தோல் மொறுமொறுப்பாகப் பொரியும். தண்ணீர் 180 முதல் 200 மி.லி. கொஞ்சம் கொஞ்சமாக. அரை மணி நேரம் மூடி வைத்து, 3 மி.மீ. கனத்தில் 10 செ.மீ. வட்டமாக வெட்டி, 25 கிராம் இந்தி வைத்து மூடுங்கள். உள்ளே வைப்பதை இங்கே இந்தி என்போம். ஓரத்தைக் கட்டை விரலால் நசுக்கி மடித்து நசுக்கி மடித்து வருவதற்குப் பெயர் கெலிம். அது அழகுக்கு என்று நினைக்காதீர்கள். ஓரம் இரட்டைக் கனமாவதால் உள்ளே ஆவி முட்டினாலும் வாய் திறக்காது. சோமாசிக் கரண்டியால் வெட்டிவிட்டால் ஓரம் ஒற்றையாகவே நிற்கும், உருளைக்கிழங்கின் ஈரத்துக்கு அது தாங்காது.

இனி பூசிங். இரண்டு மாவு வேண்டும்.

தண்ணீர் மாவு: மாவு 300 கிராம், மாஜரின் 45 கிராம், அரை டீஸ்பூன் உப்பு, தண்ணீர் 135 முதல் 150 மி.லி. இது நன்றாக இழுபட வேண்டும், அதனால் வழுவழுப்பாகும் வரை பிசையுங்கள்.

எண்ணெய் மாவு: மாவு 150 கிராம், கெட்டி வனஸ்பதி 90 கிராம். தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது. ஒன்றுசேரும் அளவுக்குப் பிசைந்தால் போதும்.

எடைக் கணக்கில் முன்னது இரண்டு பங்கு, பின்னது ஒரு பங்கு. இரண்டையும் பாதிப் பாதியாகப் பிரித்து, தண்ணீர் மாவுக்குள் எண்ணெய் மாவைப் பூரணக் கொழுக்கட்டை மூடுவதுபோல மூடுங்கள். நீளமாக உருட்டி, குறுகிய முனையிலிருந்து பாய் சுருட்டுவதுபோல இறுக்கிச் சுருட்டுங்கள். அதைக் கால் சுற்று திருப்பி மறுபடி நீளமாக, 14 செ.மீ. அகலத்தில் முடிந்தவரை மெல்லியதாக உருட்டி மறுபடி சுருட்டினால் 5 செ.மீ.க்குச் சற்று மேல் விட்டமுள்ள ஒரு உருளை கிடைக்கும். மூடி பிரிட்ஜில் அரை மணி நேரம். கூரான கத்தியால் 1.2 செ.மீ. கனத்தில் வெட்டினால் ஒரு உருளைக்குப் பதினொன்று வரும். இரண்டு முனைத் துண்டுகளில் வரி ஒழுங்காக இருக்காது, அவற்றைத் தனியே வைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு துண்டையும் உள்ளங்கையால் நடுவில் அழுத்தி, நடுவிலிருந்து வெளியே மட்டும் உருட்டுங்கள், திருப்பித் திருப்பி. முன்னும் பின்னும் தேய்த்தால் வரி கலங்கிவிடும். 10 செ.மீ. ஆனதும் நிறுத்துங்கள். வரி அழகாகத் தெரியும் முகம் பலகையைப் பார்த்துக் கீழே இருக்க வேண்டும், அதுதான் மூடிய பிறகு வெளியே வரும்.

சுருள் பிரிவதற்கு வருவோம். நூல் நூலாகப் போகிறது என்றால் அனேகமாகச் சுருட்டும்போது மேலே தூவிய மாவு உள்ளே மாட்டியிருக்கும். உலர்ந்த மாவு இருக்கும் இடத்தில் அடுக்கு ஒட்டாது. சுருட்டுவதற்கு முன் தூரிகையால் தட்டிவிடுங்கள், கடைசி முனையில் லேசாக நீர் தடவி ஒட்டுங்கள். அதுவும் சரியாக இருந்து பிரிகிறது என்றால் எண்ணெய் மாவு இளகியிருக்கிறது. 33 டிகிரியில் வெண்ணெய் போட்டுச் செய்தால் கட்டாயம் இளகும், அதனால்தான் கெட்டி வனஸ்பதி. மூன்றாவது எண்ணெயின் சூடு. 150 டிகிரியில் போட்டு, முதல் இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, மொத்தம் 10 நிமிடம் பொறுமையாகப் பொரித்து, கடைசியில் 170க்கு ஏற்றி எடுங்கள். 130இல் போட்டால் மாவு இறுகும் முன் கொழுப்பு உருகிப் பிரியும். நேராக 180இல் போட்டால் வெளியே சிவந்து வரி திறக்காமலே நின்றுவிடும், நடுவில் மாவு பச்சையாக இருக்கும்.

இந்திக்கு உருளைக்கிழங்கை மசிக்கக் கூடாது. ஒரு செ.மீ. துண்டுகள். கறித்தூளைத் தண்ணீரில் குழைத்து, வெங்காயத்தோடு எண்ணெய் பிரியும் வரை வதக்கி, பிறகு கோழித் துண்டும் கிழங்கும் போட்டு, கொஞ்சம் நீர் விட்டு, வற்றும் வரை கிளறுங்கள். டின் சார்டினிலும் செய்வோம், தக்காளிச் சாறு முழுக்க வற்ற வேண்டும்.

பக்கத்து நாடுகளிலும் இது கொஞ்சம் கொஞ்சம் மாறும். சிங்கப்பூரில் தோல் தடிமனாக, உள்ளே அவித்த முட்டைத் துண்டோடு இருப்பதுதான் பெயர் பெற்றது. 1956இல் மெக்கென்சி சாலையில் ரெக்ஸ் திரையரங்குக்குப் பக்கத்தில் ஒரு சிறு கடையாகத் தொடங்கிய ஓல்ட் சாங் கீ வழியாகப் பரவியது அது. தாய்லாந்தில் சரபுரி மாகாணத்தின் முவாக்லெக் பக்கம் சுருள் வகையைச் சின்னதாக, இந்தியில் சற்று இனிப்போடு செய்கிறார்கள். இந்தோனேசியாவில் பஸ்தெல் என்று விற்பதில் கறித்தூள் இல்லை. சேமியா, கேரட், முட்டை வைத்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

---

யாழ்_குசினி:

பற்றீஸ் அளவில சின்னன், தோல் மெல்லிசு. கறிபாப் மாவை எடுத்துச் சின்னனா வெட்டினால் பற்றீஸ் ஆகாது.

கோதுமை மா 250 கிராம் (நீங்கள் மைதா எண்டு வாங்குறது தான், ஆட்டா மா இல்லை), மாஜரின் அல்லது பட்டர் 60 கிராம், ஒரு முட்டை மஞ்சள் கரு, உப்பு அரைத் தேக்கரண்டி, தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) ஒரு தேக்கரண்டி, தடிச்ச தேங்காய் முதற்பால் 80 மி.லி. அளவில. மாஜரினை விரல் நுனியால மாவுக்குள்ள உதிர்த்துப் போட்டு, மஞ்சள் கருவும் பாலும் விட்டுக் குழையுங்கோ. தண்ணி தேவையில்லை. தேங்காய்ப் பாலில இருக்கிற கொழுப்பும் மஞ்சள் கருவும் சேர்ந்துதான் அந்த மென்மையான மொறுமொறுப்பு வாறது. ஆனால் அதே பாலில சீனிச் சத்தும் இருக்குது, அதால கெதியா நிறம் மாறும். எண்ணெய்ச் சூடு 175 டிகிரிக்கு மேல போகக் கூடாது. நாலு, அஞ்சு நிமிசத்தில எடுத்துவிட வேணும்.

2 மி.மீ. தடிப்பில உருட்டி 8 செ.மீ. வட்டம். ஓரத்தில முட்டை வெள்ளைக் கரு பூசி மடிச்சு, முள்ளுக்கரண்டியால அழுத்துங்கோ. உள்ளுக்குக் குவிச்ச ஒரு தேக்கரண்டி, 15 கிராம், அவ்வளவுதான். கூடினால் வெடிக்கும்.

மீன் கறி: 425 கிராம் ரின் மீனின்ர (டப்பாவில அடைச்சு வாற மீன்) தண்ணியை முழுக்க வடிச்சு, முள் எடுத்து உதிர்த்துக்கொள்ளுங்கோ. அவிச்ச உருளைக்கிழங்கு 250 கிராம், வெங்காயம் 150 கிராம், பச்சை மிளகாய் நாலு, கறிவேப்பிலை, இருந்தால் ஒரு துண்டு றம்பை (வாசனைக்குப் போடுற இலை), மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி. வெங்காயத்தை வதக்கி, மீனைப் போட்டுப் பிரட்டி, கடைசியா கிழங்கை மசிச்சுப் போடுங்கோ. பினாங்குக்காரர் மசிக்கக் கூடாது எண்டு சொன்னது அவையின்ர பண்டத்துக்குச் சரி. இங்க மசிச்சால்தான் மீன் விடுற ஈரத்தைக் கிழங்கு குடிக்கும், துண்டாக இருந்தால் இந்த மெல்லிய தோலைக் குத்திப் போடும். தேசிக்காய்ப் புளி அடுப்பால இறக்கின பிறகு. றம்பையை எடுத்து எறிஞ்சுவிட மறக்காதேங்கோ.

உங்களிட்ட ஈரக் கறி மிஞ்சினால் பற்றீசுக்குள்ள வைக்காமல் றோல்ஸ் செய்யுங்கோ. றோல்ஸ் தோல் ஒரு அப்பம் மாதிரித் தோசைதான், அதை முட்டையில தோய்ச்சு றஸ்க் தூளில பிரட்டிப் பொரிக்கிறது. அந்தத் தூள் வெளியில ஒரு ஓடு கட்டிவிடும், உள்ளுக்குக் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் தாங்கும்.

தேங்காய்ப் பால் விட்ட மாவை அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம், புளிச்சுப் போகும். செய்து மடிச்சு உறைய வைச்சால் பிழையில்லை.

---

டொராண்டோ_தட்டு:

பேஸ்ட்டியில் கோளாறு மாவில் இல்லை, மசாலாவில். கார்னிஷ் பேஸ்ட்டிக்குள் வெந்த மசாலா வைப்பதே இல்லை, எல்லாம் பச்சை. 2011 முதல் அந்தப் பெயருக்கு ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. அதன் விதிப்படி இறைச்சி குறைந்தது 12.5 சதவீதம், காய்கறி 25 சதவீதம், அரை வட்ட வடிவம், மடிப்பு பக்கவாட்டில், உள்ளே வைப்பது வேகாதது, தயாரிப்பது கார்ன்வாலில். உருளைக்கிழங்கு மசாலா வைத்தால் அது நல்ல பலகாரமாக இருக்கலாம், கார்னிஷ் என்ற பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அங்கே வழக்கமான அளவு: ரொட்டிக்கான மாவு 500 கிராம், பன்றிக் கொழுப்பு 120 கிராம், மார்ஜரின் 25 கிராம், உப்பு 5 கிராம், குளிர்ந்த நீர் 175 மி.லி. பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்றால் அதே எடை வனஸ்பதி. மற்ற வகைகளில் இழுவையைக் குறைக்கத்தான் பாடுபடுகிறோம், இதில் இழுவை வேண்டும். பச்சை இறைச்சியையும் கிழங்கையும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கிழியாமல் சுமக்க வேண்டிய தோல் இது. அங்கத்திய ரொட்டி மாவில் புரதம் நூற்றுக்கு 12க்கு மேல். நம் மைதா பெரும்பாலும் அதைவிடக் குறைவு, பொட்டலத்தில் பார்த்து இருப்பதிலேயே கூடியதை வாங்குங்கள். நன்றாகப் பிசைந்து பிரிட்ஜில் மூன்று மணி நேரம் விடுங்கள். விடாமல் உருட்டினால் சுருங்கி, சுடும்போது மடிப்பு அவிழும். உங்களுக்கு வாய் திறந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உள்ளே: மாட்டிறைச்சி 450 கிராம், உருளைக்கிழங்கு 450 கிராம், ஸ்வீட் (swede) என்னும் மஞ்சள் கிழங்கு 250 கிராம், வெங்காயம் 200 கிராம், உப்பு, மிளகு. ஸ்வீட் கோவையில் கிடைக்காது, டர்னிப்பை வைக்கலாம். மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் எலும்பில்லாத ஆட்டுத் தொடையை மிகச் சிறியதாக நறுக்குங்கள். கிழங்கு மெல்லிய சீவலாக இருக்க வேண்டும், இறைச்சிச் சாறு முழுவதும் அதில்தான் போய்ச் சேரும். 20 செ.மீ. வட்டம், மேலே ஒரு சின்னக் கீறல், விசிறி உள்ள ஓவனில் 165 டிகிரியில் 50 முதல் 55 நிமிடம். ஓடிஜியில் விசிறி இல்லையென்றால் 185. அடி ஊறாமலிருக்க, தட்டை ஓவனிலேயே சூடாக்கி அதன் மேல் பேஸ்ட்டியை வையுங்கள்.

வேறு சில நாடுகள் ஈரத்தைக் கையாளும் விதமும் உங்களுக்குப் பயன்படும். ஜமைக்கா பேட்டியில் மாவிலேயே மஞ்சள்தூளோ கறித்தூளோ கலந்து, மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பைத் துருவிப் போடுகிறார்கள். அது வெண்ணெயைவிடத் தாமதமாக உருகுவதால் மாவு இறுகிய பிறகே இடத்தைக் காலி செய்கிறது, அந்தக் குழிகள்தான் உதிரும் தோலாகின்றன. உள்ளே கொத்திறைச்சியில் ரொட்டித் தூளைப் போட்டுச் சாற்றைக் கட்டுகிறார்கள். பொலிவியாவின் சால்தேஞாவில் குழம்பே உள்ளே இருக்கும். ஜெலட்டின் சேர்த்து முந்தின நாளே உறையவைத்துக் கட்டியாக மூடுவார்கள், ஓவனில் அது இளகும்போது தோல் ஏற்கெனவே வெந்திருக்கும். நிமிர்த்திப் பிடித்து ஒரு மூலையைக் கடித்து உறிஞ்ச வேண்டும், சாய்த்தால் சட்டை போச்சு. உஸ்பெகிஸ்தானின் சோம்சாவில் பச்சை ஆட்டிறைச்சியும் அதே எடை வெங்காயமும். மாவை மெல்லிதாக விரித்து, கொழுப்புப் பூசி, சுருட்டி, வெட்டி, துண்டை உருட்டுவார்கள். கறிபாப் பூசிங்கின் முறையேதான், ஆனால் வேகுவது தந்தூர் அடுப்பின் சுவரில் ஒட்டி. எண்ணெய் இல்லாததால் சுருள் பிரியும் பிரச்சினையே அங்கே கிடையாது.

---

டீக்கடை_பெஞ்ச்:

தூரதேசம் போகாமல் நம்ம வெங்காயச் சமோசாவையும் பாருங்க. அதில் வெங்காயம் பச்சைதான், தோலும் காகிதம் மாதிரி. எப்படி ஊறாமல் இருக்கு? அவல். அரை கிலோ வெங்காயம் நறுக்கினால் 100 கிராம் மெல்லிய அவலை நனைக்காமல் அப்படியே கலக்கணும், உப்பைக் கடைசியில். உப்புப் பட்ட வெங்காயம் விடுற நீரை அவல் குடிச்சுக்கும். கலந்த அரை மணி நேரத்துக்குள் மடிச்சுப் பொரிச்சிடணும், 165 டிகிரி, 6 நிமிஷம்.

தாளுக்கு, மூன்று சின்னச் சப்பாத்திக்கு நடுவில் எண்ணெயும் மைதாவும் தடவி ஒன்றாக அடுக்கி, மெல்லிசா உருட்டி, கல்லில் பத்து பத்து நொடி இரண்டு பக்கமும் காட்டி, சூடாக இருக்கும்போதே பிரிச்சிடுங்க. நிறம் மாறும் வரை விட்டால் மடிக்கும்போது உடையும்.

---

கொங்கு_அடுப்பு:

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் மூன்று மாவு, இரண்டு மசாலா என்று வைத்துக்கொள்கிறேன், பேஸ்ட்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. கறிபாப் பூசிங்கை எண்ணெய்க்குப் பதில் ஓடிஜியில் சுடலாமா? ஐந்து மணி ஆர்டருக்கு எதையெல்லாம் முந்தின நாளே செய்து வைக்கலாம்?

---

பினாங்கு_பசியாறல்:

பூசிங்கைச் சுடலாம். சோம்சா பற்றி மேலே சொன்னதே அதற்குச் சாட்சி. மேலே லேசாக எண்ணெய் தடவி 190 டிகிரியில் 25 முதல் 28 நிமிடம். வரி நன்றாகத் திறக்கும், பிரியாது. ஆனால் வாயில் போட்டால் பொரித்ததைவிட உலர்ந்தே இருக்கும், அதனால் இந்தியில் கோழியைச் சற்றுக் கூட்டுங்கள். சாதாரண கறிபாப்பைச் சுடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், பிஸ்கட்டுக்குள் கறி வைத்ததுபோல வரும்.

வெப்பமானி வாங்குங்கள், இந்த வேலைக்கு அது கட்டாயம். வரும் வரை ஒரு கோலி அளவு மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் தங்கி, சின்னக் குமிழி விட்டு மெதுவாக மேலே வந்தால் பூசிங்குக்கு ஏற்ற சூடு. போட்டதுமே மேலே வந்தால் பற்றீசுக்கு ஏற்றது. ஒரே தடவையில் கடாய் நிறையப் போடாதீர்கள், சூடு இறங்கி எல்லாம் எண்ணெய் குடிக்கும்.

---

பேக்கரி_மேசை:

முந்தின நாள் வேலைக்கு வரிசை இது.

பப்ஸ் மாவை ஐந்து மடிப்பும் முடித்து, வெட்டி, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி உறையவையுங்கள். ஒரு மாதம் தாங்கும். அவித்த முட்டையை வைத்து மூடி உறையவைக்காதீர்கள், வெள்ளைக் கரு ரப்பராகி நீர் விடும். காலையில் தாளைப் பிரிட்ஜுக்கு மாற்றி, மடிக்கும் பதம் வந்ததும் முட்டை வைத்து மூடி, சுடும் வரை பிரிட்ஜிலேயே விடுங்கள்.

கறிபாப்பும் பற்றீசும் மூடிய நிலையில் உறையும். தட்டில் ஒன்றோடொன்று படாமல் உறைந்த பிறகே பையில் போடுங்கள். பற்றீசை உறைந்தபடியே எண்ணெயில் போடலாம், சூட்டை 160க்கு இறக்கிக்கொள்ளுங்கள். பூசிங்கை மட்டும் பிரிட்ஜில் இளகவிட்டுப் பொரியுங்கள், உறைந்தபடி போட்டால் வெளி அடுக்கு முதலில் விரிந்து உதிரும்.

மசாலாவை அகலத் தட்டில் பரப்பி ஆறவையுங்கள். பாத்திரத்தோடு விட்டால் நடுவில் சூடு மணிக்கணக்கில் நிற்கும், உங்கள் ஊர் வெயிலில் அது கெடுவதற்குப் போதும். இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குள் போயாக வேண்டும், மீனும் கோழியும் அதற்கும் முன்பே.

கட்டும்போது சூடாக மூடாதீர்கள். கம்பி வலைமேல் 15 நிமிடம் ஆறட்டும். தட்டில் நேராக வைத்தால் அடியில் ஆவி நின்று ஊறும். அட்டைப் பெட்டியில் இரண்டு துளை போட்டு, அடியில் எண்ணெய் உறிஞ்சும் தாள் விரியுங்கள். மறுபடி சூடாக்குபவர்களுக்கு 160 டிகிரியில் 8 நிமிடம் என்று பெட்டியிலேயே எழுதிவிடுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் மூன்று மாவும் தொய்ந்துவிடும், வாடிக்கையாளர் உங்களைத்தான் குறை சொல்வார்.

---

யாழ்_குசினி:

ஒண்டு மட்டும் சேர்க்கிறன். அஞ்சு மணி ஓடருக்குப் பற்றீசைக் கடைசியாப் பொரியுங்கோ. தோல் மெல்லிசெண்டபடியால் மூண்டு மணித்தியாலத்தில மென்மையாப் போகும். கறிபாப்பை முதலில, பப்ஸை ஓவனில அதே நேரம், பற்றீஸ் நாலரைக்கு.